மடியில் கனமும் வழியில் பயமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் கூட்டம் பெருகியிருக்கிறது, தோழர்களே! 2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ மன்றம், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 11 கோட்டைகள் மராட்டிய மண்ணிலே. பன்னிரண்டாவது நம் செஞ்சி. ராஜகிரியின் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறி, எதிரே நிற்கும் கிருஷ்ணகிரியைக் கண்ணால் அளந்து, கல்யாண மகாலின் அடுக்குகளையும் நெற்களஞ்சியத்தின் பருத்த சுவர்களையும் பார்த்துவிட்டு இறங்குகிறவர், அடிவாரத்திலே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தேசிங்குராஜன் எங்கே வீழ்ந்தான்?"

எங்கே என்று கேட்கிறார்கள். எதற்காக என்று கேட்பாரில்லை!

கதைப்பாட்டிலே அவனுடைய குதிரையைப் பாடுகிறார்கள். அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் மகமத்கானைப் பாடுகிறார்கள். உடன்கட்டை ஏறிய இளம் மனைவியைப் பாடுகிறார்கள். கணக்கைப் பாடுவதில்லை. 1714ஆம் ஆண்டிலே அந்தச் சண்டை மூண்டதற்கு மண்ணாசையும் காரணமன்று, பெண்ணாசையும் காரணமன்று. பாக்கி! டில்லிப் பாதுஷாவின் பெயரால் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட கப்பப் பாக்கி. தந்தை சொரூப்சிங் கட்டாமல் விட்டது என்று கூறி, தந்தை கண் மூடியபின் மகனிடம் நீட்டப்பட்ட ஓலை. இளைஞன் மறுத்தான்; நவாபு படையோடு வந்தார்; முடிவு உங்களுக்குத் தெரியும்.

தேசிங்கைத் தமிழ் வீரனென்று கூறி உங்களை மயக்க நான் வரவில்லை. அவன் வடக்கேயிருந்து வந்த புந்தேலன். களஞ்சியத்தை நிரப்பிய உழவனை அவனும் கேட்டதில்லை, நவாபும் கேட்டதில்லை. பாக்கி என்பதுகூட மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாக்கி என்று சொன்னவர் யார்? அதைச் சரிபார்த்தவர் யார்? இதுதான் தீர்ப்பு என்றவர் யார்? தீர்ப்பை நிறைவேற்றக் குதிரைப்படையைக் கூட்டி வந்தவர் யார்? நால்வரும் ஒருவரே! கணக்கு மெய்யா பொய்யா என்று பார்க்க இருவருக்கும் பொதுவான மன்றம் ஒன்று இல்லாத இடத்திலே, மெய்க்கணக்கும் பறிமுதலாகிவிடுகிறது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது.

மாநில அதிகாரி ஒருவர் வீட்டுக்கு அமலாக்கத் துறை வந்தது என்ற செய்தி வெளியான மறுநாள், செஞ்சிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையானாலும் சரி, சென்னைத் தொலைக்காட்சி மேடையானாலும் சரி, ஒரு பழமொழி தவறாமல் வந்து உட்காருகிறது: "மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமெதற்கு?" நம் தோழர்களிலே சிலர் இதைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறார்கள். வேறு சிலர், பதிலறியாமல், குரலை மட்டும் உயர்த்துகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பழமொழியையே எடுத்துக் கையிலே வைத்துப் பாருங்கள். மடியிலே பணமுடிப்போடு போகிறவன் வழியிலே யாருக்கு அஞ்சினான்? நீதிபதிக்கா? ஊர் மணியக்காரருக்கா? இல்லை, வழிப்பறிக்காரனுக்கு! கனமுள்ளவனைக் குறைசொல்வதாக எண்ணிக்கொண்டு இவர்கள் எடுத்துரைக்கும் பழமொழி, வழியிலே ஒருவன் மறைந்து நிற்கிறான் என்பதையல்லவா ஒப்புக்கொள்கிறது!

சட்டத்தின் மொழியிலே சொல்வதானால், 1860இல் எழுதப்பட்ட பழைய தண்டனைச் சட்டத்தின் 383ஆம் பிரிவு, இன்றைய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, மிரட்டிப் பறித்தல் என்னும் குற்றத்தை விளக்குகிறது. தீங்கு நேரும் என்ற அச்சத்தை ஒருவனுக்கு உண்டாக்கி, அந்த அச்சத்தின் வழியே அவனிடமிருந்து பொருளைப் பெறுவது. அதோடு நிற்கவில்லை. 'உன்மேல் பெருங்குற்றம் சாட்டுவேன்' என்று அச்சுறுத்திப் பறிப்பதைத் தனியாகப் பிரித்துக் கடுந்தண்டனை வைத்தது அந்தச் சட்டம். குற்றச்சாட்டே ஆயுதமாகும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது!

திண்டுக்கல்லில் நடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 1ஆம் நாள், மாநில ஊழல் தடுப்புத் துறையினர், மதுரை அமலாக்க அலுவலகத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவரைக் கைது செய்தனர். அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. மருத்துவர்மீது ஏற்கெனவே இருந்த வழக்கொன்றைக் காட்டி, டில்லியிலிருந்து விசாரணை வருகிறது என அச்சுறுத்தி, 3 கோடி கேட்டு, பேரம் பேசி 51 லட்சத்துக்கு இறங்கி வந்தார் என்பது மாநிலத் துறை சொன்ன விவரம். இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பன்று. 2024 மார்ச்சிலே உச்சநீதிமன்றம் அவருக்குப் பிணை அளித்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவரும் நிரபராதியே. நம்மவருக்குக் கேட்கும் நீதியை அவருக்கு மறுக்க நமக்கு உரிமையில்லை.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அன்றிரவு மாநிலத் துறையினர் மதுரை அமலாக்க அலுவலகத்தைச் சோதனையிட்டார்களே, அதற்குப் பிறகு அமலாக்கத் துறை என்ன செய்தது தெரியுமா? முறையின்றி நுழைந்தார்கள், எங்கள் ஆவணங்களைப் பார்த்தார்கள் என்று மாநிலக் காவல்துறைத் தலைவரிடமே புகார் எழுதிற்று! ஆகா, என்னே பொருத்தம்! நுழைவதற்கு முறை உண்டு. அலுவலகத்துக்கு மாண்பு உண்டு. ஆவணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விசாரிப்பவனுக்கு எல்லை உண்டு. இவ்வளவும் அன்று ஒரே இரவிலே அவர்களுக்கு விளங்கிவிட்டது. இதே பாடத்தைத்தான் நாம் மற்ற நாட்களிலே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த 'மற்ற நாட்களை'க் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2023 நவம்பரில் ஐந்து மாவட்டக் கலெக்டர்களுக்கு அழைப்பாணை வந்தது. வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர். மணற் குவாரிகளின் விவரங்களோடு நேரில் வரவேண்டும் என்பது ஆணை. கலெக்டர் என்றால் யார் என்பதைச் செஞ்சி வட்டத்து உழவரிடம் கேளுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே நெல் மூட்டை மழையில் நனைந்தால் முறையிடப்படுவது அவரிடம். பட்டா தவறிப்போனால் மனு கொடுப்பது அவரிடம். புயலடித்தால் கணக்கெடுப்பது அவர். மாநில அரசு என்று ஒன்று மாவட்டத்திலே முகமெடுத்து நிற்குமானால், அந்த முகம் கலெக்டர். அந்த முகத்தைத்தான், குற்றம் சாட்டப்பட்டவராகவுமின்றி, முறையீட்டாளராகவுமின்றி, கோப்புகளைச் சுமந்துகொண்டு வா என்று அழைத்தார்கள்.

எந்தச் சட்டத்தின்கீழ்? பணமோசடித் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் தனித்து நடவாது. அதன் அட்டவணையிலே குறிக்கப்பட்ட குற்றமொன்று முதலில் இருக்கவேண்டும். அந்தக் குற்றத்தால் வந்த பணம் இருக்கவேண்டும். அதன் பிறகே அமலாக்கத் துறைக்கு வேலை. மணலைக் கட்டுப்படுத்தும் 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அந்த அட்டவணையிலே இல்லை. இல்லாத ஏணியில் ஏறி மாடிக்குப் போக முயன்றார்கள்! சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பர் 28இல் அழைப்பாணைகளை நிறுத்திவைத்தது. டில்லி மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரி 27இல் உச்சநீதிமன்றம் கலெக்டர்கள் நேர்நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது; போகத் தாமதித்ததற்காக ஏப்ரலிலே கடிந்தும் கொண்டது. கலெக்டர்கள் போனார்கள். அந்தச் சுற்றிலே நாம் தோற்றோம். அதை மறைப்பானேன்? ஆனால் அதே 2024இன் ஜூலைத் திங்களில், மணல் ஒப்பந்தக்காரர்கள் தொடுத்த வழக்கிலே, சட்டவிரோத மணலெடுப்பு அட்டவணைக் குற்றமன்று என்று உயர்நீதிமன்றம் கூறி நடவடிக்கைகளை ரத்து செய்ததே, அதை எத்தனை தொலைக்காட்சிகள் எத்தனை நிமிடம் காட்டின? அழைப்பாணை தலைப்புச் செய்தி. ரத்து எட்டாம் பக்கம்!

அடுத்த ஆண்டு டாஸ்மாக். 2025 மார்ச் 6 முதல் 8 வரை, சென்னை எழும்பூரிலுள்ள தலைமை அலுவலகத்திலே சோதனை. பெண் ஊழியர்கள் உள்ளிட்டோரை நள்ளிரவு வரை வீட்டுக்குப் போகவிடவில்லை என்று நீதிமன்றத்திலே முறையிடப்பட்டது. மதுக்கடைப் பணியாளர்கள்மீது முறைகேட்டு வழக்குகள் 40க்குமேல் பதிவு செய்தது யார்? மாநிலத் துறையேதான்! திருடனைப் பிடித்துக் கட்டி வைத்தவன் வீட்டுக்குள் நுழைந்து, 'திருட்டு நடந்த வீடு இது, ஆகவே நீயும் திருடன்' என்பது எந்த ஊர் நியாயம்? உயர்நீதிமன்றம் ஏப்ரல் 23இல் நம் மனுக்களைத் தள்ளிற்று. மே 22இல் உச்சநீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை விதித்தது; அமலாக்கத் துறை எல்லைகளையெல்லாம் கடக்கிறது, கூட்டாட்சி அமைப்பை மீறுகிறது என்று கண்டித்தவர் அன்றைய தலைமை நீதிபதி கவாய். நாம் சொன்னபோது 'கட்சிக் கூச்சல்' என்றார்களே, அதே கருத்தைத் தலைமை நீதிபதியின் இருக்கையிலிருந்து கேட்டபோது என்ன பெயர் வைத்தார்கள்? மௌனம்!

இப்போது சட்டத்தின் உட்புறத்தைப் பாருங்கள், தோழர்களே. கொஞ்சம் வறண்ட இடம்தான். ஆனால் இதை அறியாமல் மேடையேறுவது ஆயுதமின்றிப் போருக்குப் போவது போலாகும். 2002இல் இயற்றி 2005 ஜூலை 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த இந்தச் சட்டத்தின்கீழ், போலீசார் போடும் முதல் தகவல் அறிக்கையை ஒத்த ஆவணம் ஒன்று உண்டு. அதன் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தந்தாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. 50ஆம் பிரிவின்கீழ் யாரையும் அழைக்கலாம். அவர் அளிக்கும் வாக்குமூலம் அவருக்கெதிராகவே சான்றாகலாம், ஏனென்றால் அமலாக்க அதிகாரி 'போலீஸ் அல்ல'! 24ஆம் பிரிவு, பணம் தூயது என்று நிரூபிக்கும் சுமையை எதிரியின் தோளிலேயே ஏற்றுகிறது. 45ஆம் பிரிவோ, பிணை வேண்டுமானால், இவர் குற்றவாளியல்லர் என்று நம்ப இடமிருக்கிறதென நீதிபதி விசாரணைக்கு முன்பே எண்ணவேண்டும் என்கிறது. 2022 ஜூலை 27இல் உச்சநீதிமன்றம் இவற்றையெல்லாம் செல்லும் என்றது. கைதுக்கான காரணத்தை எழுத்திலே கொடு என்ற எளிய நியாயத்தைப் பெறவே 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு கூரிய வாளை வைத்துக்கொண்டு எத்தனை குற்றவாளிகளை வீழ்த்தினார்கள்? நான் சொல்லவில்லை, மத்திய நிதித்துறை இணையமைச்சர் 2025 மார்ச்சிலே ராஜ்யசபையில் சொன்ன கணக்கு. 2015 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை அரசியல்வாதிகள்மீது அமலாக்கத் துறை தொடுத்த வழக்குகள் 193. தண்டனையில் முடிந்தவை 2. ஆம், இரண்டே இரண்டு! அறுவடையில் 193 மூட்டை என்று எழுதிவிட்டு 2 மூட்டை நெல்லை மட்டும் கொண்டுவந்து கொட்டினால், செஞ்சி விற்பனைக் கூடத்திலே எடை போடுகிறவர்கூடச் சிரிப்பார்.

அப்படியானால் மற்ற வழக்குகளால் பயனில்லையா? உண்டு, யாருக்கென்று கேளுங்கள். ஜார்க்கண்ட் முதலமைச்சராக இருந்த ஹேமந்த் சோரன் 2024 ஜனவரி 31இல் பதவி விலகிக் கைதானார். நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் சிறையிலேயே கழிந்தது. ஜூன் 28இல் உயர்நீதிமன்றம் பிணை தந்தபோது, அவர் குற்றவாளியல்லர் என நம்பக் காரணமிருக்கிறது என்றது. பிணை வந்தது, தேர்தல் திரும்பி வருமா? இங்கேதான் கப்பம் வசூலாகிறது, தோழர்களே. வழக்கின் முடிவிலே அன்று, வழக்கின் வழியிலே. பதவி, பேர், காலம், துணிவு, இவையே இன்றைய வராகன்கள். அதிகாரியானால் இன்னும் எளிது: அடுத்த கோப்பிலே கையெழுத்திடும்போது அவர் கை நடுங்கினால் போதும், டில்லிக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது.

இது புதுமையுமன்று. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசைக் கலைத்து, நீதிபதி சர்க்காரியாவைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். கமிஷன் அறிக்கையைப் பல ஆண்டுகள் மேடைதோறும் வீசினார்கள். அதை வைத்துக் கலைஞர் கருணாநிதியை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே சர்க்காரியாவை 1983இல் மத்திய, மாநில உறவுகளை ஆராயும் குழுவுக்கே தலைவராக்கினார்கள்!

இனி நமக்குள் பேசவேண்டிய பேச்சு. கதவைச் சாத்திக்கொண்டல்ல, திறந்து வைத்துக்கொண்டே பேசுவோம்.

அதிகாரியைக் காப்பது என்றால் கையூட்டைக் காப்பது என்று நினைப்பவர் நம்மிடையே இருந்தால், அவர் நம் எதிரிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரர். போக்குவரத்துக் கழகத்திலே வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றார்கள் என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் அமைச்சர் செந்தில்பாலாஜி 2023 ஜூன் 14இல் கைதாகி, 15 மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்து, 2024 செப்டம்பர் 26இல் உச்சநீதிமன்றத்தால் பிணை பெற்றார். விசாரணை அண்மையில் முடியாது, அதுவரை ஒருவரை அடைத்து வைக்கலாகாது என்பதே அந்த ஆணையின் சாரம். நாம் மகிழ்ந்தோம். சரி. ஆனால் விசாரணை ஏன் முடியாது? குற்றம் சாட்டப்பட்டோர் 2,000 பேருக்குமேல், சாட்சிகள் 600 என்று அந்த ஆணையிலேயே குறிப்பிடப்பட்டது. அமலாக்கத் துறை வழக்குக்கு வேரான அந்த மூலவழக்கை நடத்துவது டில்லியா? மாநிலக் காவல்துறை! பணம் கொடுத்து வேலையும் கிடைக்காமல் நிற்பவன் தமிழ்நாட்டுப் பிள்ளை. அவனுக்கு ஓராண்டிலே தீர்ப்பு வாங்கிக் கொடுத்திருந்தால், குற்றமானால் தண்டனை, இல்லையானால் விடுதலை என்று முடித்திருந்தால், டில்லி நுழைய வாசல் ஏது? நாம் சாத்தாமல் விட்ட கதவு வழியாகத்தான் அவர்கள் வருகிறார்கள்.

ஆகவே பிணையில் வருகிறவருக்கு மாலை போடாதீர்கள். பிணை நீதி, விடுதலையன்று. பட்டாசு வெடிக்காதீர்கள். அந்தச் சத்தத்திலே நம் நியாயம் காதில் விழாமற் போகிறது.

காக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. கடமையைச் செய்யும்போது எடுத்த முடிவுக்காக ஓர் அரசு ஊழியர்மீது நீதிமன்றம் வழக்கை ஏற்கவேண்டுமானால், உரிய அரசின் முன் அனுமதி வேண்டும். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு. எங்கள் சட்டத்துக்கு அது பொருந்தாது என்று அமலாக்கத் துறை வாதாடிற்று. ஆந்திரத்து ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் வழக்கிலே, 2024 நவம்பர் 6ஆம் நாள், பொருந்தும் என்று தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். இந்த ஒரு தீர்ப்பு ஆயிரம் கண்டனக் கூட்டங்களுக்குச் சமம். மாநில அரசின் கையிலே கேடயம் வந்திருக்கிறது. அந்தக் கேடயத்தை நம்மவர் பிறர் என்று பாராமல், கோப்பைப் படித்து, காரணத்தை எழுதி, அனுமதிக்கவேண்டிய இடத்தில் அனுமதித்து, மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்தால், எந்த நீதிமன்றமும் மதிக்கும். எல்லாவற்றுக்கும் மறுப்பு என்றால், அடுத்த தீர்ப்பிலே கேடயத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

2023 ஜூன் 14இல் சி.பி.ஐ.க்கு அளித்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு விலக்கிக்கொண்டது நினைவிருக்கும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தந்த உரிமை அது. சி.பி.ஐ. மாநிலத்துக்குள் வர இசைவு கேட்கவேண்டும். அமலாக்கத் துறை கேட்க வேண்டியதில்லை. ஒருவன் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான், அவன் தம்பி கூரை வழியாக இறங்குகிறான்! இந்த வேறுபாட்டை நீக்கக் கோருவதே நாம் பார்லிமெண்டிலே எழுப்பவேண்டிய குரல்.

அங்கேயோ வேறொன்று வந்து நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 20ஆம் நாள் லோக்சபையிலே உள்துறை அமைச்சர் அமித் ஷா கொண்டுவந்து, கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட 130ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டிலே கைதாகி 30 நாள் தொடர்ந்து காவலிலிருந்தால், 31ஆம் நாள் அமைச்சரின் பதவி போய்விடும். பிரதமருக்கும் பொருந்தும் என்று பெருமையாகச் சொன்னார்கள். பிரதமரைக் கைது செய்யப் போகும் அமலாக்க அதிகாரியை நானும் காணக் காத்திருக்கிறேன். ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள், தோழர்களே. பணமோசடி வழக்கிலே கைதானவர்மீது குற்றப் புகாரை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, அமலாக்கத் துறைக்குச் சட்டம் தரும் அவகாசம் 60 நாள். பதவியைப் பறிக்க வேண்டியிருப்பதோ 30 நாள். மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆனபின், அவர்மீது சாட்டவேண்டிய குற்றம் என்ன என்பதை நிதானமாக உட்கார்ந்து எழுதலாம்!